இறக்கை, இன்ஜின், உடல், வால்

கல்கத்தா என்ற பெயரில் ஒரு விமானம் இருந்தது. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் மாலையில் கூடிப் பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். இங்கிலாந்தின் ஷார்ட் பிரதர்ஸ் நிறுவனம் கட்டிய ‘ஷார்ட் கல்கத்தா’ 1928 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்தது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, அவற்றுக்கு நடுவே மூன்று இன்ஜின், படகின் வயிறு. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும். அந்த ஆண்டு ஆகஸ்டில் தேம்ஸ் நதியில், பாராளுமன்றத்தின் எதிரிலேயே அதை இறக்கி நிறுத்தி உறுப்பினர்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். 1929இல் லண்டன்–கராச்சி விமானத் தடம் தொடங்கியபோது, நடுவில் மத்தியதரைக் கடலைத் தாண்டும் பொறுப்பு இதற்குக் கிடைத்தது. ஹூக்ளிக் கரையில் உள்ள நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு அது உழைத்தது இத்தாலிக்கும் எகிப்துக்கும் இடையில்.

பழைய புகைப்படம் ஒன்றில் இப்படிப்பட்ட விமானத்தை எப்படி இனம் காண்பது? அடிவயிற்றைப் பாருங்கள். வழவழவென்று போகும் அடிப்பாகம் நடுவில் ஓர் இடத்தில் படி வெட்டியதுபோல் சட்டென்று மேலேறும். அழகுக்காக வைத்ததல்ல அது. வளைந்த பரப்போடு தண்ணீர் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு வேகமெடுத்தாலும் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். படி வந்ததும் நீரால் தொடர்ந்து ஒட்ட முடியாது. இடையில் காற்று புகும், பிடி விடும், விமானம் எழும். படி விமானத்தின் உடலிலேயே இருந்தால் அது பறக்கும் படகு. கீழே கட்டிய தனி மிதவையில் இருந்தால் மிதவை விமானம். 1930களின் கடைசியில் பாலி அருகே ஹூக்ளியில் வந்திறங்கிய ‘எம்பயர்’ ரகப் பறக்கும் படகுகளின் வயிற்றிலும் இந்தப் படி உண்டு.

யாரும் அதிகம் கேள்விப்படாத விமானங்களை அடையாளம் காணும் பொழுதுபோக்கின் சுவை இங்கேதான் இருக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்தவர் ஓரளவுதான் போக முடியும். ஓர் உறுப்பு ஏன் அந்த இடத்தில், அந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டுப் பழகியவர், முன்பின் பார்த்திராத விமானத்தையும் நெருங்கிவிடுவார்.

கொல்கத்தா வினாடி வினாவுக்குப் பேர்போன ஊர். 1967இல் இங்குள்ள கிறிஸ்து அரசர் தேவாலயத்தின் கூடத்தில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியைத்தான் இந்தியாவின் முதல் முறையான பொது வினாடி வினா என்கிறார்கள். ஆனால் விமானத்தின் நிழலுருவைக் காட்டிப் பெயர் கேட்கும் பழக்கம் அதைவிடப் பழையது; அது விளையாட்டாகவும் தொடங்கவில்லை. 1939 செப்டம்பர் 6 அன்று, இங்கிலாந்து போரில் இறங்கி மூன்றே நாளில், இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தங்கள் சொந்தப் படையின் இரண்டு ஹரிக்கேன்களை எதிரி என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தின. ஓர் இளம் விமானி இறந்தார். பார்வைப் பிழை உயிரைப் பறிக்கும் என்று புரிந்தபின் பயிற்சி தீவிரமானது. 1941 ஜனவரியில் ‘தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்ற பத்திரிகையே இதற்கென்று வந்தது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கறுப்பு வண்ணம் பூசிய மாதிரி விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசை எளிமையானது: முதலில் இறக்கை, பிறகு இன்ஜின், அப்புறம் உடல், கடைசியில் வால். இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஜப்பானிய விமானங்களின் பெயர்கள் நேசநாட்டு வீரர்களின் வாயில் நுழையவில்லை. 1942இல் ஃபிராங்க் மெக்காய் என்ற அமெரிக்க உளவு அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார்: சண்டை விமானங்களுக்கு ஆண் பெயர், குண்டு வீசும் விமானங்களுக்குப் பெண் பெயர். மிட்சுபிஷியின் கி-21 ‘சாலி’ ஆனது அப்படித்தான். 1942 டிசம்பரில் கொல்கத்தா மீது ஜப்பானியரின் இரவுக் குண்டுவீச்சு தொடங்கியது. 1943 ஜனவரி 15 இரவு, மூக்கில் ரேடார் பொருத்திய பியூஃபைட்டர் ரகச் சண்டை விமானம் ஒன்றில் கிளம்பிய சார்ஜன்ட் பிரிங், சில நிமிடங்களுக்குள் மூன்று ‘சாலி’களை வீழ்த்தினார். நகரத்து நடுவில், மைதானத்தை ஒட்டிய ரெட் ரோடு அன்று ஓடுதளமாக இருந்தது. ஹரிக்கேன்கள் அங்கிருந்து ஏறின.

இருட்டில் தேடிப் போக வேண்டாத, கையெட்டும் தூரத்தில் நிற்கும் ஓர் அதிசயம் இப்போது கொல்கத்தாவின் நியூ டவுனில் இருக்கிறது. டியூ-142 என்ற விமானம். தமிழர்களுக்கு இது வேற்று ஆளில்லை, அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கால் நூற்றாண்டு வேலை செய்துவிட்டு 2017 மார்ச் 29 அன்று ஓய்வுபெற்ற கூட்டத்தில் ஒன்று. இந்தியக் கடற்படை வாங்கியது மொத்தம் 8. அவற்றில் ஒன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பப் பூட்டி, 2022இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

இறக்கை, இன்ஜின், உடல், வால் என்ற அந்த வரிசையை இதன்மீது போட்டுப் பாருங்கள். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அது ஜெட் விமானங்களின் இலக்கணம். இன்ஜினைப் பார்த்தால் புரொப்பெல்லர்! இரண்டும் ஒரே உடலில் சேர்வது உலகத்திலேயே மிக அரிது. இன்னும் கிட்டே போனால் ஒவ்வொரு இன்ஜினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்கள், தலா நான்கு அலகுகளுடன், எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. முதல் புரொப்பெல்லர் காற்றைப் பின்னால் தள்ளும்போது கொஞ்சம் சுழற்றியும் விடும். அந்தச் சுழற்சிக்குப் போன சக்தி வீண். எதிர்த்திசையில் சுழலும் இரண்டாவது, அந்தச் சுழலை நேராக்கி அதையும் உந்துவிசையாக மாற்றிக்கொள்ளும். சுமார் 15,000 குதிரைத்திறன் கொண்ட என்.கே.-12 இன்ஜினின் பலத்தை உள்வாங்க இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும் புரொப்பெல்லர் விமானம் சாத்தியமானது இதனால்தான்.

ஆனால் இன்ஜினை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதே இன்ஜின், அதே எதிரெதிர்ப் புரொப்பெல்லர்கள் ஆன்டனோவ் ஆன்-22 என்ற சரக்கு விமானத்திலும் உண்டு. அதன் இறக்கை நேரானது, உடலின் உச்சியில் அமர்ந்தது. வாலில் இரண்டு துடுப்புகள். டியூ-142ஐ அதன் அண்ணனான டியூ-95இலிருந்து பிரித்துக்காட்டுவது வால் உச்சியிலிருந்து பின்னால் நீளும் குச்சி. கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கியின் இரும்பு, பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கும். அந்த நுண்ணிய கலக்கத்தை அறியும் கருவி, விமானத்தின் சொந்த இரும்பிலிருந்து முடிந்தவரை விலகியிருக்க வேண்டும். அதற்குத்தான் வால் நுனி. குச்சி சொல்லிவிடுகிறது: இது நீர்மூழ்கி வேட்டைக்காரன்.

சில கேள்விகளில் எந்தப் பட்டியலும் கைகொடுக்காது. 1941 மே மாதம் சீனாவில் தரையில் நின்ற டிசி-3 விமானம் ஒன்றின் வலது இறக்கை ஜப்பானியக் குண்டில் சிதைந்துபோனது. மாற்று இறக்கை கிடைக்கவில்லை. அதன் முந்தைய ரகமான டிசி-2இன் இறக்கை ஒன்று ஹாங்காங்கில் இருந்தது. இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டி அதைக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். ஒரு பக்கம் சுமார் ஒன்றரை மீட்டர் குட்டை, ஆனாலும் பறந்தது. ‘டிசி-2½’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த விமானத்தை வைத்திருந்த சீன நிறுவனம் ஹாங்காங் வீழ்ந்தபின் கொல்கத்தாவின் டம்டம்மிலிருந்துதான் இமயத்துக்கு அப்பால் பறந்தது. இரண்டு இறக்கைகளையும் தனித்தனியாக அளந்து பார்க்கிறவருக்கு மட்டுமே இந்த விடை கிடைக்கும்.

நம் சென்னைக்கும் ஒரு பொறி உண்டு. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத் விமானத்தில்; அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்கு ஓட்டிவந்தார். ஐம்பது ஆண்டு நிறைவுக்காக 1982இல் டாட்டா மீண்டும் பறந்தபோது எடுத்தது லெப்பர்ட் மாத். இரண்டும் டி ஹாவிலண்ட், இரண்டும் ஒற்றை அடுக்கு உயர் இறக்கை. பஸ் மாத்தின் இறக்கை வேரிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே அகலம். லெப்பர்ட்டின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகும். பழைய படம் என்று யாராவது காட்டினால் முதலில் இறக்கை நுனியைப் பாருங்கள்.

மிகக் கடினமானவை 1910ஐ ஒட்டிய விமானங்கள். லேக் கார்டன்ஸிலிருந்து அதிக தூரமில்லாத டாலிகஞ்ச் கிளப்பில் 1910 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாரன் டி கேட்டர்ஸும் ஜூல் டிக்கும் பறந்து காட்டினார்கள். டி கேட்டர்ஸ் ஓட்டிய விமானத்தில் மிருணாளினி சென் பயணியாகப் பறந்தார். அதே குளிர்காலத்தில் மைதானத்தில் பிரிஸ்டல் பாக்ஸ்கைட் பறந்தது. 1911 பிப்ரவரியில் அலகாபாத்திலிருந்து நைனிக்கு 6,500 கடிதங்களைக் கொண்டுபோனது ஹம்பர்-சோமர். பாக்ஸ்கைட்டையும் ஹம்பர்-சோமரையும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்: துணி போர்த்திய இரட்டை இறக்கை, விமானிக்குப் பின்னால் இன்ஜின், முன்னால் நீட்டிய ஏற்றத் துடுப்பு. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பது கம்பிகளிலும் வாலிலும்தான் தெரியும்.

இதற்கெல்லாம் முன்பே, 1910 மார்ச்சில், சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜாகோமோ டி’ஏஞ்சலிஸ் தானே வடிவமைத்து சிம்சன் நிறுவனத்தில் கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் மக்கள் முன் பறக்கவிட்டார். பெரிய தொழிற்சாலைகளின் பட்டியல் எதிலும் அதைத் தேட முடியாது; ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு வடிவம்.

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் ஆல்பத்தில், கம்பியும் துணியுமாக ஏதாவது பறக்கும் இயந்திரத்தின் படம் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். எடுத்த இடம், ஆண்டு, நிற்கும் ஆட்கள் என்று தெரிந்ததையெல்லாம் பென்சிலால் பின்பக்கம் எழுதிவையுங்கள். இறக்கை, இன்ஜின், உடல், வால் நான்கும் தெரியும்படி நல்ல நகல் ஒன்று எடுத்து, ஊரில் உள்ள அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.