பெட்டி கட்டுமுன் ஒரு மஷூரா

வெளிநாடு செல்லும் சகோதரிகளே, வீட்டு மின்சாதனங்களை என்ன செய்யப் போகிறீர்கள்?



ஒருநாள் அஸருக்குப் பின் ஓர் உம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் சிறுவயதில் என்னிடம் ஓதியவர். அவருடைய கணவர் ரியாதில் தொழில் செய்கிறார். மூன்று வருடங்கள் பிரிந்திருந்த குடும்பத்துக்கு இப்போது குடும்ப விஸா கிடைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்!

"ஹஸ்ரத், வூட்டுச் சாமானெல்லாம் என்ன செய்யிறதென்டு வெளங்குதில்ல. கிரைண்டரையும் தையல் மெஷினையும் கொண்டு போகலாமா? பிரிட்ஜ வித்தா டிக்கட்டுக்கு ஒதவும் என்டு அவர் சொல்றார். நீங்க ஒரு மஷூரா சொல்லுங்க" என்றார் மகள். உம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

இது மின்வேலை தெரிந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வியல்லவா என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் பேசப்பேச இதற்குள் கொடுக்கல் வாங்கல், சொத்துரிமை, பெற்றோரின் கடமை எல்லாம் இருப்பது தெரிந்தது. ஒரு காலத்தில் சவூதியிலிருந்து வருகிறவர் அட்டைப் பெட்டியில் டூ இன் வன் கெஸட் ரேடியோவும் அயனும் கொண்டுவருவார்; ஊரே வந்து பார்க்கும். இன்று நம் குடும்பங்கள் சாமான்களோடு அங்கே போக நிற்கின்றன. எனவே பள்ளிவாசலுக்கு மின்வேலை செய்யும் சகோதரரிடம் விசாரித்தும், கிதாபுகளைப் புரட்டியும் அறிந்ததை உங்களுக்கும் எழுதுகிறேன்.

சாமானின் முதுகைப் பாருங்கள்

ஒவ்வொரு மின்சாதனத்தின் பின்புறத்திலோ அடியிலோ சிறிய தகடு ஒன்றிருக்கும். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று வோல்ட், மற்றது ஹேர்ட்ஸ். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். போகும் நாட்டின் எண்களும் தகட்டின் எண்களும் பொருந்தினால்தான் அந்தச் சாமான் அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

கட்டார், குவைத், ஓமான், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் 220 முதல் 240 வோல்ட் வரை, 50 ஹேர்ட்ஸ். நம் சாமான்கள் அங்கே பொதுவாக வேலை செய்யும். பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் அப்படியே. ஆனால் அவுஸ்திரேலிய பிளக்கின் வடிவம் வேறு.

சவூதி அரேபியாவின் விஷயம் சற்று வேறானது. அங்கு மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். வோல்ட்டிலும் கவனம் வேண்டும். எல்லா இடத்திலும் 230 வோல்ட்டுக்குப் படிப்படியாக மாறுவதென 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு அமைச்சரவை முடிவு செய்தது. ஆயினும் பழைய கட்டடங்களில் ஒரே வீட்டில் 127 வோல்ட் பிளக்கும் 220 வோல்ட் பிளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடும். ஆகவே போகும் வீட்டில் என்ன இருக்கிறது என்று கணவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹேர்ட்ஸ் மாறினால் என்ன? அயன், கேத்தல், சாதாரண ரைஸ் குக்கர் போல சூடேறும் சாமான்களுக்கு அது பெரிய பொருட்டல்ல. கிரைண்டரிலும் தையல் மெஷினிலும் பெரும்பாலும் உள்ள மோட்டாரும் அதைத் தாங்கும். ஆனால் 50 ஹேர்ட்ஸுக்கென்றே செய்த சீலிங் பேன், பழைய வகை பிரிட்ஜ் போன்றவற்றின் மோட்டார் 60 ஹேர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலப் பார்க்கும். சூடேறிப் பழுதாகவும் கூடும். தகட்டில் 50/60 என்று இரண்டும் போட்டிருந்தால் அந்தப் பயமில்லை.

கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். வோல்ட் பாதியானால் சூடும் பாதியாகும் என்று நினைப்போம். அப்படியல்ல, ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். இங்கே 1000 வாட் தரும் அயன் அங்கே 270 வாட் அளவே தரும். ஒரு தொப்பியைக்கூட ஒழுங்காக அழுத்த முடியாது. அங்கிருந்து 120 வோல்ட் சாமானைக் கொண்டுவந்து இங்கே செருகினாலோ அது புகைந்து கருகிவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை! கடைகளில் விற்கும் சிறிய அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பிளக் பொருந்திவிட்டது என்று நம்பி எத்தனையோ பேர் சாமானை இழந்திருக்கிறார்கள். வோல்ட்டை மாற்றுவதற்கு டிரான்ஸ்போமர் வேண்டும். 750 வாட் கிரைண்டரை ஓட்டுவதற்கு அதைவிடப் பெரிய டிரான்ஸ்போமர் தேவை. அது கிலோக் கணக்கில் நிறையுள்ளது, விலையும் கூடியது. 120 வோல்ட்டுக்கென்றே செய்த இந்தியக் கிரைண்டர்கள் விற்பனையில் இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு?

கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜரில் பெரும்பாலும் 100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்றிருக்கும். அவை உலகெங்கும் வேலை செய்யும். அடாப்டர் மட்டும் போதும்.

சுமையின் கணக்கு

வேலை செய்யும் என்பதற்காக எல்லாவற்றையும் சுமக்க வேண்டுமா? ஆகாய மார்க்கமாகச் சரக்கு அனுப்பும்போது தராசு காட்டும் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். 120 சென்ரிமீற்றர் நீளம், 75 உயரம், 15 கனம் உள்ள டீவிப் பெட்டி 12 கிலோதான் இருந்தாலும் 22½ கிலோவுக்குக் கணக்கிடப்படும். அந்தக் கூலியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அங்கேயே ஒன்றை வாங்கிவிடலாம். வளைகுடா நகரங்களில் ஊர் திரும்பும் குடும்பங்கள் நல்ல சாமான்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் வழக்கம்.

எனவே பிரிட்ஜ், வொஷிங் மெஷின், டீவி, பேன் இவற்றைச் சுமக்க வேண்டாம். சீனி பார்க்கும் கருவி, காது கேட்கும் கருவி போன்று உடம்போடு சம்பந்தப்பட்டவற்றை மறக்கவும் வேண்டாம். பவர் பேங்கைக் கைப்பையிலேயே வையுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அதை வைப்பதற்கு அனுமதியில்லை.

தையல் மெஷின் சம்பாதிக்கும் கைக்குத் துணை. மேசையையும் கால்மிதியையும் விட்டுவிட்டு, தலைப்பகுதியை மோட்டாரோடு கொண்டு போகலாம். வோல்ட் பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது யாருடைய சொத்து?

இனி, பலரும் கேட்க மறந்த கேள்விக்கு வருவோம். விற்பதற்கு முன், இந்தச் சாமான் யாருக்குச் சொந்தம்?

நம் ஊர்களில் மகளைக் கட்டிக்கொடுக்கும்போது பிரிட்ஜ், டீவி, தையல் மெஷின் என்று பெண் வீட்டார் கொடுப்பதுண்டு. அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு பேச்சு. மகளுக்கென்று கொடுத்திருந்தால் அது அவளுடைய சொத்து. மஹர் பணத்தில் வாங்கியதும் அவளுடையதே. மனைவியின் சொத்து திருமணத்தால் கணவனுக்குச் சொந்தமாகிவிடாது என்பது நமது ஷரீஅத்தின் தெளிவான சட்டம். அவளுடைய மனப்பூர்வமான சம்மதமின்றி அவர் விற்கலாகாது. அவள் விரும்பிக் கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. கணவர் அதற்கு நன்றி பாராட்ட வேண்டும். அதேபோல் கணவர் தம் பணத்தில் வாங்கி வைத்ததை, அவர் வெளிநாட்டில்தானே இருக்கிறார் என்று மனைவி தன் வீட்டாருக்குக் கொடுத்துவிடவும் கூடாது.

தவணைக்கு எடுத்த சாமானா? ஒப்பந்தத்தை வாசியுங்கள். கடைசித் தவணை கட்டும்வரை உரிமை கொம்பனியிடம் என்றிருந்தால் அதை விற்பதற்கு உங்களுக்கு அதிகாரமில்லை. கடனை முடித்துவிட்டே பயணம் போங்கள்.

விற்கும்போது குறையைச் சொல்லுங்கள். ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியிடம் கேட்டுக் கண்டித்தார்கள். இரண்டுமுறை கேஸ் அடித்த பிரிட்ஜைத் துடைத்து மினுக்கி வைத்துவிட்டு, "நல்ல பிரிட்ஜ்" என்று விற்பது அந்த ஈரத் தானியத்தின் கதைதான்.

பழைய கைபேசியையும் கணினியையும் விற்கும்போதும் கொடுக்கும்போதும் அவற்றிலுள்ள படங்களையும் கணக்குகளையும் முற்றாக அழித்துவிடுங்கள். குடும்பத்துப் பெண்களின் படங்கள் அந்நியர் கைக்குப் போகக் கூடாதல்லவா?

உறவினருக்குக் கொடுப்பதாயின், அன்பளிப்பா இரவலா என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். நமது ஷாபிஈ மத்ஹபின்படி ஹிபா (அன்பளிப்பு) சாமானை ஒப்படைத்து அவர் கைப்பற்றும்போதே முழுமையடைகிறது. ஆரியத் (இரவல்) என்றால் உரிமை உங்களிடமே இருக்கும். முறையான பாவனையால் தேய்ந்தால் அவர் மீது குற்றமில்லை, வேறு விதமாக அழிந்தால் அவரே பொறுப்பு. "நீ பாவி" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போய், ஐந்து வருடம் கழித்து வந்து "என்ட கிரைண்டர் எங்க?" என்று கேட்டால் ராத்தா தங்கச்சி உறவே முறிந்துபோகும்.

திரும்பி வரும் நாளும் உண்டு

அங்கேயே நிலைத்துவிடுவோம் என்று எல்லாவற்றையும் விற்றவர்கள் உண்டு. சவூதியில் 2017 ஜூலையில் வெளிநாட்டவரின் குடும்ப அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. வருடா வருடம் கூடி 2020இல் அது 400 ரியாலாயிற்று. பல குடும்பங்கள் தாயையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்ப நேர்ந்தது. 2022இல் நமது ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது இங்கே மின்சாதனங்களின் விலை எப்படி ஏறியது என்பதையும் நாம் கண்டோம். அன்று விற்ற விலைக்கு மீண்டும் வாங்க முடியாதவர்கள் எத்தனை பேர்!

ஆகவே நல்ல நிலையிலுள்ள ஓரிரு சாமானை நம்பிக்கையான இடத்தில் வைத்துவிட்டுப் போவதில் தவறில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதானால் எல்லா பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். பிரிட்ஜைக் காலியாக்கி, ஈரமின்றித் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

உம்மாவின் பிரிட்ஜ்

இவ்வளவும் பேசி முடிந்தபோது நான் அந்த உம்மாவிடம் கேட்டேன்: "நீங்க ஒன்டும் சொல்லல்லியே. மகள் போனா நீங்க எங்க இருப்பீங்க?"

"அதே வூட்டுலதான் ஹஸ்ரத். எனக்கு ஒரு சாமானும் தேவல்ல. அந்த ஊசி மருந்த மட்டும் எங்கயாலும் பக்கத்து வூட்டுல வச்சிக்கலாம்."

மகள் நிமிர்ந்து பார்த்தார். உம்மாவுக்குப் பல வருடமாக நீரிழிவு; தினமும் இன்சுலின் போடுகிறார். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். டிக்கட்டுக்காக விற்க நினைத்த அந்த பிரிட்ஜின் கதவுத் தட்டில்தான் இத்தனை நாளும் அது இருந்து வந்தது. தினமும் கண்முன்னே இருந்ததால் யாருக்கும் அது நினைவில்லை. மகளின் பயணத்துக்குத் தன்னால் ஒரு தடையும் வரக்கூடாது என்று உம்மாவும் வாய் திறக்கவில்லை.

அங்கேயே கணவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவருக்கு இது தெரியாது. சற்று நேரம் மௌனமாக இருந்தவர், "பிரிட்ஜ விக்க வேணாம். டிக்கட்டுக்கு நான் வேற வழி பாக்கிறன்" என்றார். நான் ஒன்றை மட்டும் நினைவூட்டினேன்: பிரிட்ஜை விட்டுப்போனால் போதாது, கரண்ட் பில்லை யார் கட்டுவது? 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் கூட்டப்பட்டபோது, பில்லுக்குப் பயந்து பிரிட்ஜை நிறுத்தி வைத்த வயதானவர்கள் உண்டு. அந்தச் செலவையும் தாமே அனுப்புவதாக மருமகன் ஏற்றுக்கொண்டார். தையல் மெஷினின் தலைப்பகுதி மகளோடு போகிறது. கிரைண்டர் உம்மாவோடு இருக்கிறது. அது மகள் கொடுத்த ஹிபா.

சகோதரிகளே! வீண்விரயத்தை அல்லாஹ் சூரா பனீ இஸ்ராயீலில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறான் என்பதை நாம் அறிவோம். அதே சூராவிலேயே, அதற்குச் சற்று முன்புதான், பெற்றோருக்குப் பணிவிடை செய்யும்படியும் ஏவுகிறான். அங்கே ஓடாத சாமானைச் சுமந்து செல்வது ஒரு விரயம். இங்கே ஒருவருக்கு உயிர்நாடியாக இருப்பதை விற்றுவிட்டுப் போவது அதைவிடப் பெரிய இழப்பு. பெட்டி கட்டுமுன் சாமானின் முதுகிலுள்ள எண்களைப் பாருங்கள். அதன்பின் வீட்டில் தங்கப் போகிறவர்களின் முகத்தையும் பாருங்கள். அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்; நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பிரிந்திருக்கும் குடும்பங்களை வல்ல அல்லாஹ் ஹலாலான வழியில் ஒன்றுசேர்த்து வைப்பானாக! பயணம் போகிறவர்களுக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஆபியத்தைத் தருவானாக! ஆமீன்.