வினாவும் இழவும்: போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனி

1945இல் போர் முடிந்தபின், வென்ற நாடுகள் ஜெர்மனியின் ஆட்சியை மட்டுமன்றி, அந்நாட்டு மக்களின் மனத்தையும் மாற்ற முற்பட்டன. அம்முயற்சி ‘மறுகல்வி’ எனப்பட்டது. அக்காலந்தொட்டு அம்மக்களை நோக்கி எழுந்த வினாக்கள் மூவகைப்படும். அவை அலுவலர் வினா, மருத்துவர் வினா, விளையாட்டு வினா என்பன.

அலுவலர் வினா அச்சத்தின்பாற்பட்டது. அமெரிக்கர் ஆண்ட பகுதியில் வழங்கப்பெற்ற படிவம் 131 வினாக்கள் கொண்டது. கட்சித் தொடர்பு, பதவி, வருவாய் ஆகியவற்றை அது வினவிற்று. விடையைப் பொறுத்தே பிழைப்பு அமைந்தமையின், தன்னைத் தானே ஆராய்வதினும் தன்னைக் காத்துக்கொள்வதே பலர்க்கு முதன்மையாயிற்று.

மருத்துவர் வினா போர்க்காலத்திலேயே எழுந்தது. ஜெர்மனி தீராநோய் உற்றதோ என வினவும் நூலொன்றை அமெரிக்க மனநோய் மருத்துவர் ரிச்சர்டு பிரிக்னர் 1943இல் வெளியிட்டார். தனிமனிதர்க்கு உரிய நோய்க்குறிகளை அவர் ஒரு நாட்டின்மேல் ஏற்றிக் கூறினார். நோயாளி என்றவிடத்துப் பொறுப்புக் குறைகின்றது. அதுவே இக்கருத்தின் குறை. 1967இல் அலெக்சாண்டர் மிட்சர்லிக், மார்கரெட் மிட்சர்லிக் இருவரும் வேறொரு விளக்கம் தந்தனர். தாம் போற்றிய தலைவனை இழந்தும், மக்கள் அவ்விழப்பையும் தம் குற்றத்தையும் எதிர்கொள்ளாது மறுகட்டுமானத்தில் மூழ்கினர் என்பது அவர்கள் கருத்து. தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. இங்கோ இழவு உண்டு, அழுகை இல்லை.

விளையாட்டு வினா தொலைக்காட்சி வழியே இல்லந்தோறும் புகுந்தது. 1964இல் தொடங்கிய குலென்காம்ப்பின் போட்டியில் எட்டு ஐரோப்பிய நாட்டினர் கலந்துகொண்டனர். அதன் பெயர்ச்சுருக்கமும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஜெர்மன் பெயர்ச்சுருக்கமும் ஒன்றே. முன்னாள் பகைவர் ஒரே மேடையில் நின்றனர். தவறான விடைக்குத் தண்டனை இல்லை, சிரிப்பே உண்டு. அலுவலர் வினாவால் இயலாத இணக்கத்தை இது எளிதில் பழக்கிற்று. ஆயின் இறந்தகாலத்தை அது வினவவில்லை.

இவ்வெல்லையை ஹான்ஸ் ரோசந்தால் வாழ்வு காட்டுகின்றது. யூதராகிய அவர் 1943 முதல் 1945 வரை பெர்லின் தோட்டக் குடிலில் ஒளிந்து உயிர் தப்பியவர். அவர்தம் இளவல் கொல்லப்பட்டார். 1971இல் ‘டல்லி டல்லி’ என்னும் போட்டியைத் தொடங்கி, நாடே விரும்பும் கலைஞரானார். அதன் 75ஆம் நிகழ்ச்சி 1978 நவம்பர் 9ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. 1938இல் யூதர் வழிபாட்டிடங்கள் தீக்கிரையான இரவின் நாற்பதாம் நினைவுநாள் அது. நாளை மாற்றுமாறு ரோசந்தால் வேண்டினார், நிறுவனம் இசையவில்லை. அவர் கருநிற உடையில் தோன்றினார். மெல்லிசைப் பாடல்களை விடுத்து இசைநாடக இசையை ஒலிக்கச் செய்தார்.

நாடு நகைக்க, நகைப்பித்தவர் ஒருவரே துக்கம் காத்தார். கூடி வாழ விளையாட்டு கற்பித்தது; கூடி அழக் கற்பிக்க அதனால் இயலவில்லை. ஒரு நாட்டின் மறுகல்வியை அளப்போர் இவ்விரண்டையும் வேறுவேறாகவே அளத்தல் வேண்டும்.