மூத்தது மேலே, இளையது கீழே

சுவிட்சர்லாந்தின் கிழக்கே, கிளாரஸ் மலைகளுக்கு நடுவே எல்ம் என்றொரு சிற்றூர். ஊருக்கு மேலே கூர்கூராய் நிற்கும் ட்சிங்கெல்ஹோர்னர் சிகரங்களின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று ஓடுகிறது. அதற்குச் சற்றுக் கீழே, மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு முக்கோணத் துளை. உயரம் ஏறத்தாழ 20 மீட்டர். மார்ச் நடுவில் சில நாள்களும் அக்டோபர் தொடக்கத்தையொட்டிச் சில நாள்களும் காலை வெயில் அந்தத் துளை வழியே நுழைந்து ஊர்த் தேவாலயத்தின் மேல் விழும். ஆடு திருட வந்த அரக்கன்மீது புனித மார்ட்டின் எறிந்த கைத்தடி துளைத்த இடம் அது என்பது ஊர்க்கதை. பாறைப் பிளவுகளில் நீரும் உறைபனியும் புகுந்து அரித்தது என்பது நிலவியல்.

சுற்றுலாக்காரர்கள் படமெடுப்பது துளையைத்தான். நிலவியலாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது கோடு.

படிவுப் பாறைகளைப் படிக்க ஓர் எளிய விதி உண்டு. வீட்டு மூலையில் அடுக்கும் செய்தித்தாள் கட்டில் போன மாதத்துத் தாள் அடியிலும் இன்றைய தாள் மேலேயும் கிடப்பதைப் போல, பழைய அடுக்கு கீழே, புதியது மேலே. எல்மில் இந்த விதி கவிழ்ந்து கிடக்கிறது. கோட்டுக்கு மேலே இருக்கும் வெருக்கானோ பாறைக்கு வயது 25 முதல் 30 கோடி ஆண்டு. கீழே இருக்கும் ஃப்ளிஷ் பாறைக்கு 3.5 முதல் 5 கோடி ஆண்டுதான்.

இதை முறையாக வரைந்து ஆராய்ந்தவர் சுவிஸ் அறிஞர் ஆர்னால்ட் எஷர். 1848-இல் பிரிட்டனின் ரோடரிக் மர்ச்சிசனை அழைத்துப்போய் இடத்தைக் காட்டினார். பழைய பாறை பக்கவாட்டில் நகர்ந்து வந்து புதியதன்மேல் ஏறிவிட்டது என்பதில் மர்ச்சிசனுக்கு ஐயமே இல்லை. எஷருக்கோ அதை அச்சில் சொல்லத் துணிவு வரவில்லை. சொன்னால் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சினாராம். அந்த அச்சத்தைக் கேலி செய்ய முடியாது. கண்டங்கள் நகரும் என்று யாரும் கனவிலும் நினைக்காத காலம் அது. ஆகவே இருபுறத்திலிருந்தும் பாறை மடிந்து கவிழ்ந்தது என்ற ‘இரட்டை மடிப்பு’ விளக்கத்தில் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஹைம் அந்த விளக்கத்தைப் பல்லாண்டு கட்டிக்காத்தார். மலைகளை வரைவதில் ஹைமுக்கு நிகர் குறைவு. ஆனால் அவர் எழுதி வரைந்ததை வைத்தே அவரை மடக்கினார் பிரான்சின் மார்செல் பெர்த்ரான். 1884-இல், கிளாரஸ் பக்கம் கால்கூட வைக்காமல், இரண்டு மடிப்பு எதற்கு, தெற்கிலிருந்து வந்த ஒரே ஒரு பெரும் பாறைத்தகடு போதுமே என்றார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைமும் அதை ஒப்புக்கொண்டார்.

ஆப்பிரிக்கப் பக்கத்து நிலத்தட்டு ஐரோப்பாவை நெருக்கியபோது, தரைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் கீழே இந்தத் தகடு வடக்கு நோக்கி நகர்ந்தது. போன தூரம் 35 கிலோமீட்டருக்கும் மேல். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே 35 லட்சம் ஆண்டு ஆகும். அந்த ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுண்ணாம்புக்கல் நொறுங்காமல் குழைந்து கொடுத்தது. அப்படிக் குழைந்த மெல்லிய சுண்ணாம்புப் பட்டைதான் தொலைவிலிருந்து தெரியும் வெளிறிய கோடு. பிறகு மலை உயர, பனியாறுகள் மேலிருந்ததைச் செதுக்கித் தள்ள, ஆழத்து ரகசியம் வெளியே வந்தது. நகர்ந்த தளமும் வளைந்துபோய், சிகரங்களில் 3,000 மீட்டரை எட்டுகிறது. வடக்கே ஷ்வாண்டன் ஊர் அருகே பள்ளத்தாக்குக்கே இறங்கிவிடுகிறது. அங்கே ஒரே உள்ளங்கையால் இரு யுகங்களையும் தொடலாம்.

கீழே அகப்பட்ட இளைய பாறை ஊருக்குச் சோறு போட்டது. எல்மில் வெட்டிய பலகைக்கல் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டாகப் போனது. மலையடியைக் குடைந்துகொண்டே போனதன் விலை 1881 செப்டம்பர் 11 அன்று தெரிந்தது. ஏறத்தாழ ஒரு கோடி கனமீட்டர் பாறை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தச் சரிவை ஆராய்ந்து எழுதியவர்களில் ஹைமும் ஒருவர்.

2008-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக்கியது. ஆனால் இந்தக் கதை ஆல்ப்ஸோடு நிற்கவில்லை. ஹைமின் மகன் ஆர்னால்ட் ஹைம், 1936-இல் அகஸ்ட் கான்சருடன் இமயத்தின் குமாவூன் பகுதிக்கு வந்தார். இமயத்தின் நீளத்துக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் மைய உந்துப் பிளவுக்கு அந்தப் பெயர் வந்தது அவர்கள் ஆய்விலிருந்துதான். வெப்பத்தில் உருமாறிய பழம்பாறைகள் தெற்கு நோக்கி இளையவற்றின்மேல் ஏறி நிற்கும் தளம் அது. உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்குச் சற்றுத் தெற்கே, ஹேலாங் அருகே, பத்ரிநாத் சாலை அதைக் கடந்து போகிறது.