மூன்று பேருக்கு இரண்டு பெல்ட்

ஏரன் சியாவும் சோ வூய் யிக்கும் 2022இல் தோக்கியோவில் உலகப் பூப்பந்து இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். உலகப் போட்டியில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஒரு பேச்சுக்கு, அடுத்த வாரமே அந்த இருவரில் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதாக ஒருவர் மட்டையோடு வந்து நின்று, "நானும் உலக வெற்றியாளர்தான்" என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

மல்யுத்தக் கேளிக்கையில் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு ஒரு விதியும், அந்த விதிக்கு ஒரு பெயரும் உண்டு: ஃப்ரீபேர்ட் விதி.

"அதெல்லாம் நடிப்புதானே" என்று உங்களில் பாதிப் பேர் இப்போது சொல்லியிருப்பீர்கள். உண்மைதான். யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். ஆனால் நாடகத்துக்கும் இலக்கணம் உண்டல்லவா? இரட்டையர் மல்யுத்தத்தின் சுவை முழுவதும் அதன் விதிகளில்தான் இருக்கிறது.

மேடையின் மூலையில் ஒரு சிறு கயிறு கட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே நிற்கும் கூட்டாளி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கையை நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் அந்தக் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். மாறிய பிறகு, பழைய ஆள் நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் வெளியேற வேண்டும். விதி இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு 1980களில் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் என்ற இணை அரங்கத்தையே அழவைத்தது. ரிக்கி மோர்ட்டன் சிறிய உடல்காரர். எதிராளிகள் அவரைப் பத்து நிமிடம் புரட்டி எடுப்பார்கள். அவர் தவழ்ந்து தவழ்ந்து மூலைக்கு வருவார். ராபர்ட் கிப்சனின் கை ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அப்போது காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். இன்றும் இத்துறையில் அடிவாங்கும் பாத்திரத்தை ஏற்பவரை 'ரிக்கி மோர்ட்டனாக நடிக்கிறார்' என்றே சொல்வார்கள். மெக்சிகோவிலோ கையைத் தொடவே தேவையில்லை. ஒருவர் மேடையை விட்டு இறங்கினால் போதும், கூட்டாளி ஏறிவிடலாம். அதனால்தான் அங்கே ஆட்டம் அவ்வளவு வேகம்.

இரட்டையர் ஆட்டத்தின் வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1954 பிப்ரவரி 19ஆம் தேதி, தோக்கியோவின் குராமே கொக்குகிக்கான் அரங்கில் ரிக்கிடோசானும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் கனடாவைச் சேர்ந்த ஷார்ப் சகோதரர்களை எதிர்கொண்டார்கள். ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வீட்டில் பெட்டி இல்லாத மக்கள் தெருமுனையில் வைக்கப்பட்ட தொலைக்காட்சிகளின் முன்னால் திரண்டு நின்று பார்த்தார்கள். போரில் தோற்ற நாடு. எதிரே உயரமான வெள்ளைக்காரர்கள் இருவர். மக்கள் ஏன் திரண்டார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில் 'அனைத்து ஆசிய இரட்டையர்' பட்டம் உருவானது. அதை முதலில் வென்றவர்கள் கிங் காங், டைகர் ஜோகிந்தர் சிங் இணை. கிங் காங் என்ற பெயரை வீட்டில் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். ஐரோப்பாவில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய எமில் சாயாதான் அவர். தாரா சிங்கோடு அவர் மோதிய கதைகள் தாத்தாவிடம் நிச்சயம் இருக்கும். ஜப்பானில் அந்தப் பட்டத்துக்கு இன்றும் போட்டி நடக்கிறது.

அமெரிக்காவில் அப்போது நிலைமை வேடிக்கையானது. என்டபிள்யூஏ என்ற கூட்டமைப்பின்கீழ் வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம் இருந்தது. தனிநபர் உலக வெற்றியாளர் எல்லா வட்டாரத்துக்கும் பொதுவாக ஒரே ஒருவர். இரட்டையருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென்று ஓர் 'உலக இரட்டையர் பட்டம்' வைத்துக்கொண்டது. ஒரே நேரத்தில் பல 'உலக' வெற்றியாளர்கள்! தொலைக்காட்சி அந்தந்த ஊர் எல்லையோடு நின்ற காலம் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இந்தக் குழப்பமான காலத்தில்தான், 1980 வாக்கில், மைக்கேல் ஹேய்ஸ், டெரி கோர்டி, படி ராபர்ட்ஸ் மூவரும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வலம்வந்தார்கள். ஒரு ராக் இசைப்பாடலை ஒலிக்கவிட்டு மேடைக்கு வருவார்கள்; அந்தப் பாட்டின் பெயரையே தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள். ஹேய்ஸ் வாய்வீச்சுக்காரர், கோர்டி மலை போன்ற உடல், ராபர்ட்ஸ் அனுபவசாலி. பட்டம் இருவருக்கு உரியது. ஆனால் மூவரில் எந்த இருவர் வேண்டுமானாலும் அதைத் தற்காத்து மோதலாம் என்று ஆனது. எதிராளிக்கு இது பெரிய தலைவலி. யாரோடு மோதப்போகிறோம் என்று தெரியாமல் எப்படித் தயாராவது? நடத்துநர்களுக்கோ லாபம்: ஒருவர் காயம்பட்டாலும் பட்டத்தைப் பறிக்க வேண்டியதில்லை.

மற்றவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1988இல் பட்டம் வென்று 478 நாள் வைத்திருந்த டெமாலிஷன் இணை, 1990இல் க்ரஷ் என்ற மூன்றாமவரைச் சேர்த்துக்கொண்டது. மூவரும் முகத்தில் சாயம் பூசியவர்கள். அவ்வாண்டு சம்மர்ஸ்லாமில் க்ரஷும் ஸ்மாஷும் மோத, ஆக்ஸ் மேடைக்கு அடியில் ஒளிந்திருந்தார். நடுவர் கவனிக்காதபோது ஆள் மாற்றம். கடைசியில் குட்டு உடைந்து, பட்டமும் போனது.

அந்த 478 நாள் சாதனையை முறியடித்ததும் மூவர் அணிதான். கோஃபி கிங்ஸ்டன், பிக் ஈ, சேவியர் வுட்ஸ் அடங்கிய நியூ டே, 2015 ஆகஸ்டிலிருந்து 2016 டிசம்பர் வரை 483 நாள் பட்டத்தைக் காத்தது. இடையில், 2016இல் ஃப்ரீபேர்ட்ஸ் குழு டபிள்யூடபிள்யூஈ புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, அவர்களை மேடைக்கு அழைத்து வந்து கௌரவித்ததும் நியூ டேதான். கோர்டியும் ராபர்ட்ஸும் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு சாதனை செய்தால், அதை இரண்டு பேர் மட்டும் செய்த சாதனையோடு ஒப்பிடலாமா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், டெமாலிஷனின் கணக்கே கனமானது. அந்த 478 நாளும் அவர்கள் இருவர் மட்டுமே.

பிறகு ஊசோ இரட்டைச் சகோதரர்கள் வந்து எல்லாக் கணக்கையும் தள்ளிவிட்டார்கள்: 622 நாள். இதில் ஒரு சுவையான திருப்பம் இருக்கிறது. 2023 ஜனவரியில் நடந்த ஒரு மோதலின் நடுவே ஜிம்மி ஊசோவின் முழங்காலில் அடி. பட்டம் கைநழுவும் நேரத்தில் அவர் இடத்தில் இறங்கி மோதி அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் சாமி ஸேன். அதே சாமி, கெவின் ஓவன்ஸோடு சேர்ந்து ஏப்ரல் 1ஆம் தேதி ரெசல்மேனியாவில் ஊசோக்களிடமிருந்து அதைப் பறித்தார். நம் நேரப்படி அது ஞாயிற்றுக்கிழமை காலை. பலர் பசியாறிக்கொண்டே பார்த்திருப்பீர்கள். இரட்டையர் பட்ட மோதல் ஒன்று ரெசல்மேனியாவின் இறுதி மோதலாக அமைந்தது அதுவே முதல் முறை.

பட்டத்தை ஒற்றுமையாகத்தான் பகிர வேண்டும் என்றும் இல்லை. 2007இல் ஜான் சீனாவும் ஷான் மைக்கல்ஸும் இரட்டையர் வெற்றியாளர்களாக இருந்துகொண்டே ரெசல்மேனியாவில் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். 2012இல் கேனும் டேனியல் பிரயனும் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து, "நான்தான் இரட்டையர் வெற்றியாளர்கள்!" என்று மாறி மாறிக் கத்துவார்கள். எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. தமிழாசிரியர் கேட்டால் சிவப்பு மையை எடுத்திருப்பார்.

மாற்று ஆள் இல்லாதவர்களுக்கு ஒரே வழி, பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது. 2023இல் லிவ் மோர்கனின் தோள் காயம்பட்டபோது, நல்ல உடல்நிலையில் இருந்த ரக்கெல் ரோட்ரிகஸும் மகளிர் இரட்டையர் பட்டத்தை இழக்க நேர்ந்தது. அவர்மீது எந்தத் தவறும் இல்லை.

மூவர் அணி என்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2022 மார்ச்சில் மோதலின்போது பிக் ஈ கழுத்தெலும்பு முறிந்தது. அது நடிப்பு இல்லை. அதன் பிறகு அவர் மோதவில்லை. 2024 டிசம்பர் 2ஆம் தேதி, நியூ டேயின் பத்தாம் ஆண்டு விழா. மேடையில் கிங்ஸ்டனும் வுட்ஸும் வார்த்தையால் முட்டிக்கொண்டிருந்தார்கள். பிக் ஈ வந்து, மோத முடியாவிட்டாலும் நிர்வாகியாக உங்களோடு இருக்கிறேன் என்றார். பட்டம் மூவருக்கும் சொந்தம் என்று அத்தனை வருடம் சொன்ன இருவரும், நீ எங்களை விட்டுப் போனவன் என்று அவரை ஒதுக்கித் தள்ளினார்கள். எழுதிக் கொடுத்த வசனம்தான். அரங்கம் எழுப்பிய வெறுப்புக் கூச்சலை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

2025 ஏப்ரலில், லாஸ் வேகசில் நடந்த ரெசல்மேனியாவில், அந்த இருவரும் மறுபடியும் உலக இரட்டையர் பட்டம் வென்றார்கள். இரண்டு பெல்ட், இரண்டு தோள்.