முட்டைக்குள் ஒரு குளிர்காலம்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பட்டு என்பது நூலில்தான் தொடங்குகிறது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அப்பா சிட்டத்தை விரலால் நீவிப் பார்த்தே, "இது பாவுக்குத் தாங்காது, ஊடைக்கு வெச்சுக்கலாம்" என்று ஒதுக்கிவிடுவார். ஒரு நூல் தாங்குகிறது, இன்னொன்று ஏன் அறுந்துபோகிறது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது. விலங்கியல் படித்து ஆசிரியையான பிறகு, கிருஷ்ணகிரிப் பக்கம் மல்பெரி போட்டிருந்த என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பதிலின் நுனி கையில் கிடைத்தது. அவளுடைய அப்பா சொன்னார்: "டீச்சர், வெள்ளைக் கூட்டுக்கு விலை ஜாஸ்தி. ஆனா வெயில் ஏறுனா மொதல்ல படுத்துக்கிறதும் அதுதான். மஞ்சக்கூட்டுப் புழு அவ்வளவு சீக்கிரம் அசையாது."

வெள்ளைக் கூடு, மஞ்சள் கூடு இரண்டும் ஒரே இனம்தான். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் காட்டுப் புழுவிலிருந்து வீட்டுக்கு வந்தது அது. அதன் காட்டு உறவு இன்றும் பழுப்பு நிறத்தில் பறந்து திரிகிறது. நம் பட்டுப்பூச்சியோ வெளுத்துப்போய், சிறகிருந்தும் பறக்கத் தெரியாமல் தட்டிலேயே முட்டையிட்டுச் சாகிறது. மனிதனையே தன் சூழலாக ஆக்கிக்கொண்ட உயிர் அது. ஆனாலும் ஊரின் வெயிலும் குளிரும் அதை விட்டுவிடவில்லை. மனிதன் கொண்டுபோன இடமெல்லாம் அந்தந்த ஊருக்கேற்ற ரகமாக அது பிரிந்துபோனது.

இதை நேரில் காண முட்டைத் தாள் போதும். ஒரு தாளில் குளிர்நாட்டு வழிவந்த வெண்பட்டு ரகம், பக்கத்துத் தாளில் மைசூரின் பழைய நாட்டு ரகம். முதல் நாளில் இரண்டு முட்டைகளும் வெளிர்மஞ்சள்தான். இரண்டு மூன்று நாளில் வெண்பட்டு முட்டை கருத்துப் பழுப்பேறி அப்படியே நின்றுவிடும். செத்துவிட்டதோ என்று தோன்றும். உள்ளே கரு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, வரப்போகும் பனிக்காலத்தைத் தூங்கிக் கழிக்கத் தயாராகிறது. மைசூர் முட்டை நிறம் மாறாமல் இருந்து, பொரிக்கும் தறுவாயில் நீலம்பாய்ந்து, பத்து நாளில் எறும்பளவுப் புழுவை வெளியே விடும்.

காரணம் இலை. ஜப்பானிலும் வடசீனத்திலும் குளிர்காலத்தில் மல்பெரி இலை உதிர்ந்துவிடும். அப்போது பொரித்த புழு பட்டினியில் சாகும். தூங்கத் தெரிந்ததே பிழைத்தது. நம் பக்கம் ஆண்டு முழுதும் துளிர் உண்டு. இங்கே காத்திருப்பதால் லாபமில்லை. சீக்கிரம் தின்று, சீக்கிரம் கூடு கட்டி, அடுத்த தலைமுறைக்கு இடம் விட்ட புழுக்களே பெருகின.

என்னை இன்றும் வியக்கவைப்பது வேறொன்று. குளிர்நாட்டு ரகத்தில் முட்டை தூங்குமா தூங்காதா என்பதை அந்த முட்டை தீர்மானிப்பதில்லை. அதன் தாய், தானே முட்டைக்குள் கருவாக இருந்தபோது உணர்ந்த வெப்பமும் வெளிச்சமும் தீர்மானிக்கின்றன. குளிரிலும் குறைந்த வெளிச்சத்திலும் வளர்ந்த கரு, பின்னாளில் தூங்காத முட்டைகளை இடும். 25 டிகிரி வெப்பத்தில், நீண்ட பகலில் வளர்ந்தது தூங்கும் முட்டைகளை இடும். தாய் தன் பிறப்புக்கு முந்திய பருவத்தை நினைவில் வைத்துப் பிள்ளைக்குக் காலக்கணக்குச் சொல்கிறாள் என்றே எனக்குப் படும். நம் ஊரில் எப்போதும் வெப்பம். அதனால் இங்கே அந்தக் குளிர்நாட்டுப் பூச்சி, என்றும் வராத பனிக்காலத்துக்காகவே தன் முட்டைகளைத் தூங்கவைக்கிறது. முட்டை தயாரிக்கும் வித்தகங்களில், முட்டை இட்ட ஒரு நாளுக்குள் அதை இளஞ்சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் நனைத்துக் கழுவி அந்தத் தூக்கத்தைத் தடுக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வெண்பட்டை வளர்க்க வேண்டும்? நூலுக்காகத்தான். மைசூர் ரகத்தின் கூடு சிறியது. கூர்முனையோடு பச்சைமஞ்சளாக இருக்கும். ஒரு கூட்டில் சுமார் 400 மீட்டர் இழை வரும். வெண்பட்டுக் கூடு 1,000 மீட்டருக்கு மேல், ஒரே சீரான கனத்தில் தரும். தறியில் இழுபட்டு நிற்கும் பாவுக்கு அந்தச் சீர்தான் உயிர். அப்பாவின் விரல் தேடியது அதைத்தான். மஞ்சள், பச்சை நிறங்கள் இலையிலிருந்து வருபவை. அவற்றை இழைவரை கொண்டுபோகும் மரபணு எல்லா ரகத்துக்கும் இல்லை.

இரண்டையும் கலக்கலாமே என்று தோன்றும். ஜப்பானியப் பட்டுப்புழு ஆய்வாளர் தோயாமா கமெத்தாரோ 1902-இல் சயாம் அரசின் அழைப்பில் போய் அந்த நாட்டுப் புழுவையும் ஜப்பான் புழுவையும் கலந்து பார்த்தார். மெண்டலின் பாரம்பரிய விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று 1906-இல் எழுதினார். முதல் தலைமுறைக் கலப்பில் பெற்றோர் இருவரையும்விட வலுவான புழு வரும் என்பதைப் பட்டுத்தொழில் அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டது. நம் பக்கத்து மஞ்சள் கூடும் அப்படி வந்ததே. மைசூர் தாயும் வெண்பட்டுத் தந்தையும் சேர்ந்த 'கோலார் கோல்டு' அதில் ஒன்று. தந்தை ரகமான சி.எஸ்.ஆர்.2, மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது.

காட்டுக்குப் போனால் இந்த வேறுபாடு இன்னும் விரியும். டசர் என்னும் காட்டுப் பட்டுப்புழு இனம் ஒன்றுதான். ஆனால் காட்டுக்குக் காடு மாறி, 40-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. பஸ்தரில் சால மரத்தில் கட்டும் 'ரைலி' கல்லுப்போன்ற பெரிய கூடு. அதை வளர்ப்பதைவிடக் காட்டில் பொறுக்குவதே வழக்கம்.

இன்று தமிழ்நாட்டு விவசாயிகள் பெரும்பாலும் வெண்பட்டுக்கு மாறிவிட்டார்கள். கோடையில் கொட்டகைக் கூரைமேல் கீற்று வேய்ந்து, சுற்றிலும் ஈரக் கோணி தொங்கவிட்டு 25 டிகிரிக்குப் போராடுகிறார்கள். 30-ஐத் தாண்டினால் பால்புழு நோய் எட்டிப்பார்க்கும். வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில், வெயிலைத் தாங்கும் குணம் அந்தச் சிறிய மைசூர் புழுவிடம் இருக்கிறது. இழை குறைவு என்று அதைக் கைவிட்டால் பிறகு எதனோடு கலப்பது? குனிகல், மாகடி வட்டாரங்களில் அதை விதைக்கூட்டுக்காகவே வளர்ப்பவர்களுக்கு நல்ல விலை கிடைத்தாக வேண்டும். காஞ்சித் தறிக்காரர் மகளாகவே இதைச் சொல்கிறேன்.

ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் 400-க்கும் மேற்பட்ட புழு ரகங்களை வைத்திருக்கிறது. நெல்லைப்போல் விதையாகப் போட்டு வைக்க முடியாது. தூங்கும் ரகத்தைக் குளிர்பெட்டியில் வைத்து ஆண்டுக்கொருமுறை வளர்த்தால் போதும். தூங்கத் தெரியாத நம் நாட்டு ரகங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அவற்றை ஆண்டுக்குப் பலமுறை, ஒன்றோடொன்று கலந்துவிடாமல், இலை பறித்துப்போட்டு வளர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.