கல்லீரல் மாற்றிய பிள்ளைகளுக்கு 18 வயதில் ஒரு கண்டம்!

அம்மா கையில் இருந்த மாத்திரை டப்பா மகன் கைக்கு மாறும்போது ஜாக்கிரதை

கருக்களாச்சேரி,

காரைக்கால் கடலோரத்தில் உள்ள மீனவர் கிராமம் கருக்களாச்சேரி. இங்கே எந்தத் தகப்பனும் மகனை முதல் நாளே படகு ஓட்ட விடுவது இல்லை.

முதலில் வலை உதறச் சொல்வார். அப்புறம் கூடவே கடலுக்கு அழைத்துப் போவார். காற்று எப்படி, நீரோட்டம் எப்படி என்று காட்டிக் கொடுப்பார். பையன் கை பழகிய பிறகுதான் இஞ்சினை அவனிடம் விடுவார்.

கடலில் இருக்கும் இந்த முறை ஆஸ்பத்திரியில் இருக்கிறதா? பல இடங்களில் இல்லை! அதனால் உயிருக்கே ஆபத்து வருகிறது.

யாருக்கு ஆபத்து? சின்ன வயதில் கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளுக்கு.

காஞ்சிபுரம் குழந்தை

இந்தியாவில் இந்த ஆபரேஷன் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்தது 1998 நவம்பர் 15-ந்தேதி. நடந்த இடம் டெல்லி அப்பல்லோ ஆஸ்பத்திரி. குழந்தை நம்ம தமிழ்நாட்டுக் குழந்தை. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி. அப்போது வயது 20 மாதம்.

பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட நோய். பித்தநீர் குடலுக்குப் போக வழி இல்லாமல் ஈரலிலேயே தேங்கி அதைக் கெடுத்துவிடும். தகப்பனார் தன் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். பிள்ளை பிழைத்தது.

அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆனது தெரியுமா? டாக்டர் ஆனது!

கல்லீரலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கொடுத்தவருக்கு மிச்சம் இருப்பது சில மாதங்களில் வளர்ந்துவிடும். பிள்ளைக்கு வைத்த துண்டும் பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

உலகத்தில் முதல் கல்லீரல் மாற்று ஆபரேஷன் 1963-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் நடந்தது. செய்தவர் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல். அதுவும் 3 வயதுக் குழந்தைக்கு, இதே பித்தநாள நோய்க்காகத்தான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அங்கே தொடங்கி இத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

நம்ம பக்கத்து ஊர்க்காரருக்கும் இதில் பங்கு உண்டு. மயிலாடுதுறை அருகே கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா 1997-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில், பிறந்து 5 நாளே ஆன பெண் குழந்தைக்கு இந்த ஆபரேஷனைச் செய்தார். கின்னஸ் புத்தகத்தில் அது இடம்பெற்றது.

ஆபரேஷனோடு முடிந்ததா?

இல்லை. அங்கேதான் கதை ஆரம்பம்.

புது ஈரலை உடம்பு தன்னுடையது என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்வது இல்லை. அன்னியன் புகுந்துவிட்டான் என்று எதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்த எதிர்ப்பை அடக்க மாத்திரை வேண்டும். பலருக்கும் கொடுக்கப்படுவது டாக்ரோலிமஸ். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, காலை, இரவு. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஆயுசு பூராவும்.

குழந்தையாக இருக்கும்வரை கவலை இல்லை. அம்மா மாத்திரையைப் பிரித்து வாயில் போடுவாள். அப்பா ரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்வாள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைக்கு 15, 16 வயது ஆகிறது. மீசை அரும்புகிறது. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு இந்த மாத்திரை?" என்று தோன்றுகிறது. ஹாஸ்டலில் கூட்டாளிகள் முன்னால் மாத்திரை போட வெட்கம். ஸ்டீராய்டு மருந்தில் முகம் உப்பிவிட்டால் கேலி வேறு. ஒருநாள் விடுகிறான். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் விடுகிறான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

வெளியில்தான் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஈரல் வெந்துகொண்டிருக்கும். பலருக்கு ஆரம்பத்தில் வலி இருக்காது. காய்ச்சலும் இல்லாமல் போகலாம். அப்போது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கண் மஞ்சளாகிற வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அப்பா கொடுத்த ஈரல் போனால், இரண்டாவதாகக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

இந்த நேரம் பார்த்துத்தான் குழந்தைகள் டாக்டர், "இனிமேல் நீங்க பெரியவங்க டிபார்ட்மெண்டுக்குப் போங்க" என்கிறார். அங்கே எல்லாம் புது முகம். தொட்டிலில் பார்த்த டாக்டர் இல்லை. பழைய டாக்டரிடமும் போவது இல்லை, புது டாக்டரிடமும் போவது இல்லை என்று நடுவில் நிற்கிற பிள்ளைகள்தான் ஆபத்தில் விழுகிறார்கள்.

காரைக்காலில் இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறி, ஒருநாள் கூலியை விட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட இந்தத் தூரமே போதும்.

என்ன செய்ய வேண்டும்?

லண்டன் கிங்ஸ் ஆஸ்பத்திரியில் வாலிப வயது ஈரல் நோயாளிகளுக்கு என்றே தனி ஏற்பாடு இருக்கிறது. குழந்தைகள் டாக்டரும் பெரியவர்கள் டாக்டரும் சேர்ந்தே பார்த்து, படிப்படியாகக் கைமாற்றுகிறார்கள். இந்தத் துறை டாக்டர்கள் சொல்லும் வழி இதுதான்:

12 வயது வாக்கில் ஆரம்பிக்க வேண்டும். தனக்கு என்ன நோய், என்ன ஆபரேஷன், மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம் என்று பிள்ளையே சொல்லப் பழக வேண்டும்.

14, 15 வயதில் டாக்டரிடம் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச விட வேண்டும். அம்மா வெளியே உட்கார வேண்டும். சிகரெட், சாராயம், கல்யாணம், குழந்தை பற்றிய சந்தேகங்களை அம்மா முன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

16 வயதில் மாத்திரை தீரும் முன்னே தானே வாங்கி வைக்க வேண்டும். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும். அம்மா கொடுக்க வேண்டாம். எண்ணிப் பார்த்தால் போதும்.

பிறகு கைமாற்றம். பிறந்தநாள் வந்தது என்பதற்காக மாற்றக் கூடாது. பிள்ளை தயாரா என்று பார்த்து மாற்ற வேண்டும். உடம்பு சரியில்லாத நேரத்தில் மாற்றவே கூடாது. போகும்போது ஆபரேஷன் தேதி, மருந்து அளவு, பரிசோதனை முடிவு, போட்ட தடுப்பூசி எல்லாம் எழுதிய கடிதம் பிள்ளை கையில் இருக்க வேண்டும்.

அப்பா பெயரில் உள்ள காப்பீட்டில் பிள்ளைக்கு எந்த வயது வரை இடம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மெடிக்கல் ஷாப்காரர்களுக்கு ஒரு வார்த்தை

படர்தாமரைக்கு மாத்திரை, மூட்டுவலிக்கு மாத்திரை என்று இவர்களுக்குச் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். பூஞ்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். வலி மாத்திரைகள் சில, சிறுநீரகத்தைக் கெடுக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தின் அளவை இறக்கிவிடும். "அந்தக் கம்பெனி இல்லை, இந்தக் கம்பெனி இருக்கு" என்று டாக்டரைக் கேட்காமல் மாற்றிக் கொடுப்பதும் ஆபத்து.

வீட்டிலும் கவனம் வேண்டும். பம்பளிமாஸ் பழம் ஆகாது. நாட்டு மருந்து கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மீன் சாப்பிடலாம். நன்றாக வெந்திருக்க வேண்டும். மருந்து அளவு பார்க்கும் பரிசோதனை அன்று, ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை போட வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விசைப்படகில் நாள் கணக்கில் கடலுக்குப் போகிறவனாக இருந்தால் கூடுதல் நாளுக்கும் சேர்த்து மாத்திரை கட்டிக்கொள்ள வேண்டும். நனையாத டப்பாவில் வைக்க வேண்டும். கூட வருகிற ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளை என்றால்?

மூடி மறைப்பதுதான் முதல் தவறு. கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரையை ஒளித்து வைத்துப் போடுகிறவள், ஒருநாள் போட மறப்பாள். கல்லீரல் மாற்றிய பெண்கள் பலர் நல்லபடியாகக் குழந்தை பெற்றிருக்கிறார்கள். ஆனால் மைக்கோபினோலேட் போன்ற மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

காரைக்காலில் இன்று ஜிப்மர் கிளை இருக்கிறது. அரசு பொது ஆஸ்பத்திரி இருக்கிறது. சாதாரண ரத்தப் பரிசோதனைகளை உள்ளூரிலேயே எடுத்து, முடிவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா என்று பெற்றோர் இரண்டு பக்கமும் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். மிச்சப் பாதியை அரசு கவனிக்க வேண்டும். பெரியவர்கள் டாக்டரிடம் வராமல் போன வாலிபன் எங்கே என்று தேடிப்பார்க்க ஒரு நர்சு இருந்தால்கூடப் போதும்.

தகப்பன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்த ஈரல் அது. 18 வயதில் ஒரே நாளில் "இனி உன் பாடு" என்று விட்டுவிடலாமா?

கருக்களாச்சேரியில் கேட்டுப் பாருங்கள். கை பழகாத பையனிடம் படகை யாராவது கொடுப்பார்களா என்று!