கூரைக்கடியில் தேங்கும் வாயு

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்தில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பகலில் பல மணி நேரம் தறிகள் நின்றன. கூலி நெசவை நம்பிய குடும்பங்களின் வருமானமும் நின்றது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் வீடு, அலுவலகம், குடோன் என்று எங்கும் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். மின்சாரம் சீரான பிறகும் அவை போகவில்லை. கணினிக்கு யு.பி.எஸ்., ஜெனரேட்டரை எழுப்ப பேட்டரி, பெரிய நூற்பாலைகளில் பேல் தூக்கும் மின்வண்டிக்கு வேறு பேட்டரி. இவற்றில் மூடி திறக்கும் வகைக்கெல்லாம் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம். உள்ளே இருந்த தண்ணீர் எங்கே போனது? வெப்பத்தில் கொஞ்சம் ஆவியாகியிருக்கும். மற்றதை, சார்ஜ் நிறைந்த பிறகும் பாய்ந்த மின்சாரம் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து வெளியே அனுப்பிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் பிரிந்தால் கிடைக்கும் ஹைட்ரஜன் 1,200 லிட்டருக்கு மேல். ஆக, ஹைட்ரஜன் என்பது எங்கோ ரசாயன ஆலையிலும் ராக்கெட் தளத்திலும் மட்டும் இருக்கும் வாயு என்ற எண்ணம் தவறு. கணக்கு மேசைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையிலும் அது உண்டாகிறது.

வாயுக் கசிவு என்றதும் நம் கையும் மூக்கும் செய்வதெல்லாம் சமையல் எரிவாயு கற்றுக்கொடுத்தவை. நாற்றம் வந்தால் எச்சரிக்கை. வாயு தரையோடு படரும், ஆகவே கதவைத் திற. நீல ஜுவாலை தெரிந்தால் எரிகிறது என்று பொருள். ஹைட்ரஜனிடம் இந்தப் பாடங்கள் ஒன்றும் செல்லாது. அதற்கு மணம் இல்லை. காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது. மேலே ஏறிக் கூரையின் அடியில் சேரும். சுத்தமான ஹைட்ரஜன் எரியும் ஜுவாலை பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆலைகளில் சந்தேகமான குழாயை நெருங்கும்போது ஒரு சீமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு போவார்களாம். சீமாறு பற்றினால் அங்கே நெருப்பு இருக்கிறது. சமையல் எரிவாயு காற்றில் சுமார் 2 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை பற்றும். பற்றவைக்கத் தேவையான பொறி சுமார் 0.02 மில்லிஜூல், சமையல் எரிவாயுவுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாலியஸ்டர் சட்டை உரசி உண்டாகும், நம் விரலுக்கு உறைக்காத நிலைமின்சாரமே போதும். பேட்டரியின் கிளிப்பைச் சார்ஜர் ஓடும்போதே கழற்றும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அந்தப் பொறியில் பேட்டரி வெடித்தால் முகத்தில் தெறிப்பது ஆசிட்.

பொறியைத் தவிர்ப்பதை மட்டும் நம்பிப் பாதுகாப்பைக் கட்ட முடியாது என்றாகிறது. மூக்கையும் நம்ப முடியாது. மிச்சமிருப்பது ஒன்றுதான்: வாயு சேராமல் பார்த்துக்கொள்வது. ஹைட்ரஜன் பாதுகாப்பு முதலில் கட்டிடத்தின் வேலை, அதற்குப் பிறகே தொழிலாளியின் கவனத்தின் வேலை என்று நான் சொல்வது இதனால்தான். இதற்குப் பெரிய சாட்சி ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம். 2011 மார்ச் 12-ல் முதல் உலையின் கட்டிடமும், 14-ல் மூன்றாவதும், 15-ல் நான்காவதும் ஹைட்ரஜன் சேர்ந்து வெடித்துச் சிதறின. நான்காம் உலையில் எரிபொருளே ஏற்றப்படவில்லை. பக்கத்து உலையின் வாயு, இரண்டுக்கும் பொதுவான புகைபோக்கிக் குழாய் வழியாக இங்கே பின்வாங்கி வந்திருந்தது. ஆனால் எரிபொருள் உருகிய இரண்டாம் உலையின் கட்டிடம் வெடிக்கவில்லை. முதல் கட்டிடம் வெடித்த அதிர்ச்சியில் இதன் சுவரிலிருந்த ஒரு பலகை கழன்று விழுந்து, வாயு வெளியேற வழி திறந்துவிட்டிருந்தது. பிறகு ஐந்தாம், ஆறாம் உலைகளின் கூரைகளில் ஊழியர்கள் ஏறி, முன்னெச்சரிக்கையாகத் துளையே போட்டார்கள். அத்தனை பெரிய தொழில்நுட்பமும் கைவிட்ட நேரத்தில் கைகொடுத்தது சுவரிலும் கூரையிலும் இருந்த ஓட்டை.

சோமனூர்க்காரர் ஒருவர் இந்த இடத்தில் மறுத்துப் பேசுவார். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. தறிக்கூடத்தில் ஈரப்பதம் குறைந்தால் பாவு நூல் அறும். அதற்காகத்தான் ஜன்னலை அடைத்து வைக்கிறோம்; கூரையைத் திறந்துவிட்டால் நெசவு எப்படி நடக்கும்? கூரையைத் திறக்க வேண்டியதில்லை. பேட்டரியைத் தறிக்கூடத்துக்குள் வைக்காமல் இருந்தால் போதும். வெளிச்சுவர் உள்ள ஒரு தனி அறை அல்லது தாழ்வாரம், அதன் உச்சியில் காற்றுப் போக ஒரு துவாரம், எதிர்ச்சுவரின் அடியில் காற்று வர இன்னொன்று. பழைய ஓட்டுக்கூரைக் கட்டிடங்களில் ஓட்டின் இடுக்கு வழியாக வாயு தானே போய்விடும்; யாரும் திட்டமிடாமல் கிடைத்த பாதுகாப்பு அது. இப்போது கட்டும் கான்கிரீட் அறைகளில் அந்த இடுக்கு இல்லை. துவாரம் இருந்தாலும் அது சீலிங்கைவிட ஒரு முழம் கீழே இருந்தால், பீம்களுக்கு இடையிலான குழியில் வாயு தங்கும். அழகுக்காகப் போடும் ஃபால்ஸ் சீலிங் இன்னும் மோசம். கண்ணில் படாத ஓர் அறையையே வாயுவுக்குக் கட்டிக்கொடுத்தது போலாகும். இதோடு இந்த ஊருக்கே உரிய ஒரு தொல்லை சேர்கிறது: பஞ்சுத் தூசி. கொசுவலை அடித்த துவாரம் சில வாரங்களிலேயே பஞ்சு படிந்து அடைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் துவாரம் இருக்கும், காற்று போகாது.

எங்கள் பேட்டரி சீல் செய்தது, தண்ணீரே ஊற்ற வேண்டாம், அப்புறம் என்ன பயம் என்பது அடுத்த கேள்வி. சீல் செய்த பேட்டரிக்குள் வாயு பெரும்பாலும் மீண்டும் தண்ணீராகச் சேர்ந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதிலும் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, சூடு ஏறினாலோ அந்த வால்வு திறக்கும். சார்ஜர் கெட்டுப்போகும் நாளில் நிலைமை என்ன என்று கணக்குப் பார்ப்போம். எட்டு பேட்டரி உள்ள ஒரு யு.பி.எஸ்., சார்ஜ் நிறைந்த பிறகும் 10 ஆம்பியர் பாய்கிறது. ஒவ்வொரு பேட்டரியிலும் ஆறு செல். ஒரு செல்லில் ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன். மொத்தம் மணிக்கு 200 லிட்டர். இரண்டு மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அடைத்த அறையில் இரண்டே மணி நேரத்தில் காற்றில் 4 சதவீதம் ஆகிவிடும். மேல்பகுதியில் அதற்கு முன்பே ஆகியிருக்கும். வெப்பமான ஊரில், காற்றோட்டமில்லாத அறையில் வைத்த பேட்டரிதான் சீக்கிரம் சூடேறிக் கெடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில சமயம் அதிகச் சார்ஜில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. வந்தால் உடனே மெயினை வெளியிலிருந்து நிறுத்த வேண்டும். வராவிட்டால் ஹைட்ரஜன் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது நல்லது, ஆனால் சாதாரண ஃபேனின் மோட்டாரும் சுவிட்சும் பொறி தரக்கூடியவை. சுவிட்ச் வெளியே இருக்கட்டும். ஃபேன் ஓடினால்தான் சார்ஜர் ஓடும்படி எலக்ட்ரீஷியனிடம் இணைக்கச் சொல்லலாம். கசிவு காட்டும் கருவி வாங்குபவர்கள் அதைச் சமையல் எரிவாயுக் கருவி போல தரையருகே மாட்டிவிடுகிறார்கள். ஹைட்ரஜனுக்குரிய கருவி சீலிங்கை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

பேட்டரியோடு விஷயம் முடிவதில்லை. சோமனூரில் நெய்த காடா துணி வெளுப்புக்கும் சாயத்துக்கும் போகும்போது காஸ்டிக் சோடா தேவைப்படுகிறது. அந்தக் காஸ்டிக் கரைசலை அலுமினியப் பாத்திரத்திலோ டிரம்மிலோ ஊற்றினால் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் பொங்கும். உப்பு நீரில் மின்சாரம் செலுத்தி அதே காஸ்டிக்கைத் தயாரிக்கும்போது டன்னுக்கு 25 கிலோ ஹைட்ரஜன் கூடவே பிறக்கிறது. மேட்டூர் போன்ற இடங்களில் இந்தத் தொழில் செய்பவர்கள் அதைக் குழாயில் பிடித்துக் கண்காணிக்கிறார்கள். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் உண்டாகும் ஹைட்ரஜனுக்கு அந்தக் காவல் கிடையாது. அமெரிக்காவில் வாகீகன் என்ற ஊரிலிருந்த சிலிக்கோன் ஆலையில் 2019 மே 3-ஆம் தேதி இரவு, சேரக் கூடாத இரண்டு ரசாயனங்கள் ஒரே தொட்டியில் கலந்து ஹைட்ரஜன் பொங்கியது. டிரம்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. கட்டிடத்தில் வாயுவைக் காட்டும் கருவியோ அலாரமோ இல்லை. நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே ஹைட்ரஜன் சிலிண்டர் ஒன்று வெடித்திருந்தால் அதை எதிர்பாராத விபத்து என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வந்திருக்காது.

சிலிண்டரில் வாங்குபவர்களுக்கும் ஒரு கணக்கு. சிவப்பு வண்ணம் பூசிய, இடப்பக்க மரை கொண்ட சாதாரண ஹைட்ரஜன் சிலிண்டரில் ஏறத்தாழ 7 கன மீட்டர் வாயு இருக்கும். எடை அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அது முழுதும் கசிந்து சீராகக் கலந்தால் 175 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவரும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரமுள்ள ஷெட் முழுவதும் என்று வைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் வெளியே நிழலில் சங்கிலி கட்டி நிற்க, குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரால் சோதிக்க வேண்டும். கசிவு எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூடாமல் தீயை மட்டும் அணைப்பது பெரும் தவறு. எரியாமல் வெளியேறும் வாயு கூரையடியில் சேர்ந்து பிறகு வெடிக்கும்.

இவ்வளவு பயமுறுத்தினால் பசுமை ஹைட்ரஜன் எப்படி வளரும் என்று கேட்பவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியிருக்கிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் நிறைந்த கொங்குப் பகுதிக்கும் இது வரும், வரவும் வேண்டும். ஆனால் நார்வேயில் சாண்ட்விகா அருகே 2019 ஜூன் 10-ல் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் வெடித்ததற்குக் காரணம் விசாரணையில் தெரிந்தது: உயர் அழுத்தத் தொட்டியின் அடைப்பானில் போல்ட்டுகள் சரியான இறுக்கத்தில் முறுக்கப்படவில்லை. அந்த ஒரு வெடிப்பால் பல நாடுகளில் நிலையங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. இந்தத் தொழிலுக்குத் தடையாவது கவனக்குறைவு. பயத்தைப் பேசாமல் மறைப்பதால் தொழில் வளர்ந்துவிடாது.

செலவு என்று வரும்போது தயங்குவது புரிகிறது. கூலி உயர்வுக்காக 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திய வட்டாரம் இது. தறிக்காரர் கையில் உபரிப் பணம் இல்லை. ஆனால் இங்கே கேட்பது பெரும்பாலும் ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை. எரியும் வாயு சேராமல் தடுக்கும் கடமையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 37-ஆம் பிரிவில் முதலாளி மீது வைத்தது. சிறு தறிக்கூடங்களில் ஆள் எண்ணிக்கை குறைவு. தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே அவை வராததால் ஆய்வாளர் அங்கே படியேறுவதில்லை. இந்த இடைவெளியை விசைத்தறியாளர் சங்கங்கள் நிரப்பலாம். பேட்டரி விற்கும் கடைக்காரரும், அதை மாட்டித்தரும் எலக்ட்ரீஷியனும் அறையின் உச்சியில் துவாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைப்புக் கொடுப்பது என்று ஊருக்குள் ஒரு வழக்கத்தை உண்டாக்கலாம். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுவது, கண்ணாடி அணிந்து தண்ணீர் ஊற்றுவது ஆகியவற்றை வட இந்தியாவிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லித்தர ஏற்பாடு வேண்டும். துவாரத்தில் படியும் பஞ்சை வாரம் ஒருமுறை துடைப்பது யார் வேலை என்று, பெயர் போட்டு, அந்த அறைக் கதவிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.